ஒரு சிரமமும் இல்ல சார்

போன் அடிக்கட்டும், விடுங்க அண்ணாச்சி. நான் எடுக்கப் போறதில்ல. யாருன்னு அதுவே சொல்லும், கேளுங்க. "வையாபுரி மேனேஜர் அழைக்கிறார், வையாபுரி மேனேஜர் அழைக்கிறார்." கேட்டுச்சா? மேல்மருவத்தூர்ல பஸ் நின்னப்பவே ஒருதடவை கூப்பிட்டார். இப்ப மறுபடியும். வேலை இல்லைன்னு நேத்தே அவங்க மெயில் அனுப்பிட்டாங்க, இன்னும் பேசறதுக்கு என்ன இருக்கு? ரெண்டு விரலால தட்டினா நின்னுடும். இந்தா, நின்னுடுச்சு.

நீங்க ஜன்னல் பக்கமே இருங்க. எனக்கு ஜன்னல் என்னத்துக்கு, காத்து வந்தா போதும். மதுரையில எறங்கி அருப்புக்கோட்டை பஸ் மாறணும். நீங்களும் மதுரையா? நல்லதாப் போச்சு. எறங்கும்போது கொஞ்சம் உதவி பண்ணுங்க. நீங்க என்னைப் பிடிக்க வேணாம், நான் உங்க முழங்கையைப் பிடிச்சுக்கறேன், அதுதான் எனக்குத் தோது. சில பேரு முதுகுல கைவெச்சு மூட்டையைத் தள்ற மாதிரி தள்ளுவாங்க. அதான் முன்னாடியே சொல்லி வெக்கறேன்.

நீங்க வாத்தியார்தானே? பேச்சுலேயே தெரியுது. இல்லையா? ஆட்டு யாவாரமா? அப்படியா. மெட்ராஸ்ல மக வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பறீங்களா. சரி. ஆனா உங்க குரல் வாத்தியார் குரல்தான் அண்ணாச்சி. தொழில்தான் மாறிப் போச்சு.

சிரிக்காதீங்க, எனக்கு சோறு போட்டதே குரல்தான். என் பேரு குருநாதன். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீங்க போன் பண்ணினா, உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறதுன்னு ஒரு அம்மா சொல்லும்ல? அந்தப் பதிவை எல்லாம் என்ன செய்யறாங்கன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா? ஒருத்தன் உக்காந்து கேப்பான். போன் எடுத்த பையன் மரியாதையா பேசினானா, சரியான தகவல் குடுத்தானா, ஆளைக் காக்க வெச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டானான்னு கேட்டு மார்க் போடுவான். அந்த ஒருத்தன் நான்தான். எம்.ஏ. படிச்சிட்டு அதுக்குத்தான் வந்தேன். இத்தனை வருஷத்துல எத்தனை ஆயிரம் குரல் கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒரு ஆள் ஹலோ சொன்னாலே போதும், நல்லவனா கெட்டவனான்னு சொல்லிடுவேன். பாக்கறவங்க மூஞ்சியைப் பாத்து ஏமாந்து போறாங்க. நமக்கு அந்தத் தொல்லை இல்ல.

இப்ப அந்த வேலை இல்ல. போயிடுச்சு. மச்சான் கடைக்குப் போயிட்டிருக்கேன். என் வீட்டுக்காரி இந்துமதியோட அண்ணன், சுந்தர்ராஜ்னு பேரு, அருப்புக்கோட்டையில பைப்பு, மோட்டாரு, பெயிண்டு எல்லாம் வெச்சு பெரிய கடை போட்டிருக்கார். வாங்க மாப்ள, போன் வந்தா எடுத்துப் பேசுங்கன்னார். இந்துமதி முன்னாடியே போயி வீடு பாத்துட்டா. நான் இந்தக் கடைசி இன்டர்வியூவுக்காக மெட்ராஸ்லயே கெடந்தேன். இது கெடச்சிருந்தா அவளைத் திரும்ப வரச் சொல்லியிருப்பேன். கெடைக்கலை. அதான் இந்த பஸ்.

முதல் வேலை எப்படிப் போச்சுன்னு கேக்கறீங்களா? போச்சு, அவ்வளவுதான். எங்களை மாதிரி கண்ணு தெரியாதவங்க கம்ப்யூட்டர்ல ஒரு சாஃப்ட்வேர் போட்டிருப்போம். திரையில என்ன எழுதியிருக்கோ அதைப் படிச்சு காதுல சொல்லும். அதை வெச்சு மெயில் அனுப்புவேன், ரிப்போர்ட் எழுதுவேன், எல்லாம் செய்வேன். அது படிக்கிற வேகத்தைக் கேட்டா உங்களுக்கு ஈ பறக்கற சத்தம் மாதிரி இருக்கும். எனக்கு அதான் பழக்கம். போன தீபாவளிக்கு முன்னாடி ஆபீஸ்ல மார்க் போடற பக்கத்தை மாத்தினாங்க. வெளியூர்லேருந்து புதுசா வாங்கினது. தெறந்து பாத்தா ஒண்ணுக்கும் பேர் இல்ல. பட்டன், பட்டன், பட்டன். எந்தப் பட்டன், எதுக்குப் பட்டன், ஒண்ணும் சொல்லாது. பாக்கறவங்களுக்கு ஒவ்வொண்ணு மேலயும் அழகா படம் போட்டிருக்கான். படத்தை அது எப்படிப் படிக்கும்?

மேலதிகாரி கேட்டார், குருநாதன், புது சிஸ்டம் உங்களுக்கு ஓகேவான்னு. ஒரு சிரமமும் இல்ல சார், பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். வேற எப்படிச் சொல்றது? பக்கத்து சீட்டுல ஷகிலான்னு ஒரு பொண்ணு. தங்கமான பொண்ணு. நான் கேட்டுச் சொல்லச் சொல்ல அது தன் வேலைக்கு நடுவுல என் மார்க்கையும் போட்டுக் குடுக்கும். நல்லாத்தான் ஓடிச்சு. அப்புறம் அந்தப் பொண்ணு பிரசவத்துக்குப் போயிடுச்சு. என் வேலை அப்படியே நின்னு போச்சு. கண்டுபிடிச்சிட்டாங்க.

திட்டினாங்கன்னு நினைக்காதீங்க. திட்டியிருந்தாலும் தேவல. நீங்க வந்து உக்காந்தா மட்டும் போதும் குருநாதன், சம்பளம் வந்துடும்னாங்க. காலையில போயி உக்காருவேன். சாப்பிடுவேன். சாயங்காலம் வருவேன். சுத்தி எல்லாரும் தட்டச்சு பண்ற சத்தம், நான் மட்டும் கையைக் கட்டிக்கிட்டு. ஒருத்தர் கூட என்கிட்ட ஒரு வேலையும் சொல்ல மாட்டாங்க. அண்ணாச்சி, சம்பளத்தோட சும்மா இருக்கறது சொகம்னு நினைப்பீங்க. ஒரு மாசம் இருந்து பாருங்க. எனக்கு சாப்பாடே எறங்கல. ராஜினாமா குடுத்துட்டேன். அதை யாரும் வேணாம்னு சொல்லல.

அதுக்கப்புறம் வேலை தேடினேன் பாருங்க, அந்தக் கதையைச் சொன்னா மதுரை போதாது. ஆன்லைன்ல பரீட்சை எழுதச் சொல்லுவான். நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க, படத்தில் உள்ள பேருந்துகளைத் தொடுங்கள்னு வரும். நான் மனுஷன்னு நிரூபிக்க பஸ்ஸைத் தொடணுமாம். இந்துமதி தொடுவா. அவ ஊருக்குப் போனப்புறம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கூப்பிட்டு வந்து தொடச் சொன்னேன். நேர்ல போனா, என்னைக் கூட்டிட்டுப் போற ஆட்டோக்காரர்கிட்ட கேக்கறாங்க, சார் என்ன படிச்சிருக்கார்னு. ஆட்டோக்காரர் என்கிட்ட கேக்கறார். நான் ஆட்டோக்காரர்கிட்ட சொல்றேன். அவர் அவங்ககிட்ட சொல்றார். ஒரு இடத்துல டீ குடுத்து, பிஸ்கட் குடுத்து, உங்களை மாதிரி ஆளுங்களைப் பாத்தா எங்களுக்கே ஒரு தெம்பு வருதுன்னு சொல்லி அனுப்பினாங்க. எல்லாருக்கும் தெம்பு குடுத்துட்டு நான் வெறுங்கையோட வருவேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அவங்க குரலெல்லாம் நல்ல குரல். மனசுல ஈரம் இருந்துச்சு. வேலைதான் இல்லாம இருந்திருக்கும்.

இந்த வையாபுரி அப்படி இல்ல. பெருங்குடிப் பக்கம் ஒரு கம்பெனி, என் பழைய வேலை மாதிரியேதான் இதுவும். இன்டர்வியூவுல ரெண்டு பேர். ஒருத்தி நிரஞ்சனான்னு, ஆள் எடுக்கற பிரிவு. அந்தப் பொண்ணு குரல் இருக்கே, பாலும் தேனும்னு சொல்லுவாங்கல்ல, அதுதான். நானா இருந்தா நூத்துக்கு நூறு போட்டிருப்பேன். வாங்க சார், பாத்து உக்காருங்க சார், உங்க அனுபவமெல்லாம் கேட்டு ஆச்சரியமா இருக்கு சார்னுச்சு. இன்னொரு ஆள் இவர். தொண்டையில மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி ஒரு குரல். வணக்கம்கூட கிடையாது. எடுத்த எடுப்புல கேக்கறார்: "உங்களால எதெல்லாம் முடியாது? அதை மொதல்ல சொல்லுங்க."

எப்படி இருக்கும் சொல்லுங்க. முடியாதது என்னன்னு கேட்டுத்தான் ஒருத்தன் வேலை குடுப்பானா? நான் சொன்னேன், எல்லாம் முடியும் சார், ஒரு சிரமமும் இல்ல சார்னு. அவர் விடல. "எல்லாம் யாராலயும் முடியாது. என்னாலயே பாதி முடியாது. எங்க சிஸ்டத்துல உங்களுக்கு எது இடிக்கும்?" நான் சொன்னேன், எதுவும் இடிக்காது சார், நான் பழகிக்குவேன். அந்தப் பொண்ணு குறுக்க வந்து, சாரோட தன்னம்பிக்கை சூப்பர்ல சார்னு எனக்காகப் பேசுச்சு. இவர் ஒரு உறுமல் உறுமிட்டு, சரி, ஒரு கால் கேட்டு மார்க் போட்டுக் காட்டுங்கன்னார்.

என் லேப்டாப்பைத் தெறந்தேன். கால் கேட்டேன். புருஷன் செத்துப் போன ஒரு அம்மா, பாலிசிப் பணம் என்னாச்சுன்னு கேக்குது. போன் எடுத்த பொண்ணு, ஏற்கனவே சொன்னோமே மேடம், ஏற்கனவே சொன்னோமே மேடம்னு அதையே சொல்லிட்டு, அந்தம்மா அழ ஆரம்பிச்சதும் லைனை ஹோல்டுல போட்டுட்டுப் போயிடுச்சு. இதைக் கேக்க எனக்கு யாரும் சொல்லித் தரணுமா? நெஞ்சே வலிச்சுது. மார்க் போடலாம்னு பக்கத்தைத் தெறந்தா, அதே கதை. பட்டன், பட்டன், பட்டன். எது கேள்வி, எது பதில், ஒண்ணும் தெரியல. வேணும்னே குடுத்திருக்கார் அண்ணாச்சி. இவன் எங்க மாட்டறான் பாப்போம்னு. நான் மாட்டுவனா? ஒவ்வொரு வரியிலயும் மொத பட்டனை அமுக்கினேன். கடகடன்னு முடிச்சு, ஆச்சு சார்னு சொல்லிட்டேன்.

அவர் எட்டிப் பாத்தார். சொல்றார்: "இந்தப் பொண்ணுக்கு எல்லாத்துலயும் மிகச் சிறப்புன்னு போட்டிருக்கீங்க." மொத பட்டன் அதுதான்னு எனக்கு அப்பத்தான் தெரியும். "நெசமாவே அப்படித்தான் நினைக்கிறீங்களா?"ன்னார். இப்ப என்ன செய்யறது? போட்டது போட்டதுதானே. ஆமா சார், பொறுமையா பேசியிருக்காங்க சார்னு சொல்லிட்டேன். அந்தம்மா அழுதுச்சேன்னார். அழறவங்களைக் கொஞ்சம் தனியா விடறது நல்லதுதான் சார்னேன். என் வாயில வந்துச்சே அது, எனக்கே இன்னைக்கு வரைக்கும் வெக்கமா இருக்கு. ஆனா அவர் அப்படி ஒரு பக்கத்தைக் குடுக்கலைன்னா நான் ஏன் அப்படிப் பேசப் போறேன்?

நிரஞ்சனா வாசல் வரைக்கும் வந்துச்சு. நீங்க எங்களுக்கெல்லாம் ஒரு இன்ஸ்பிரேஷன் சார், கண்டிப்பா சொல்றோம் சார்னுச்சு. நேத்து மெயில் வந்துச்சு, வருந்துகிறோம்னு. அந்தப் பொண்ணு பேர்லதான் வந்துச்சு. பாவம், இவர் சொல்லித்தான் அடிச்சிருக்கும். எப்படி மனசு கஷ்டப்பட்டு அடிச்சுதோ.

பாருங்க, மறுபடியும் அடிக்குது. "வையாபுரி மேனேஜர் அழைக்கிறார்." எடுக்கணுமா? எதுக்கு? நீங்க வேற. மூணு தடவை கூப்பிடறவன் சும்மா கூப்பிட மாட்டான்னா சொல்றீங்க? ஆட்டு யாவாரத்துல வேணும்னா அப்படி இருக்கலாம். சரி, சரி. முழங்கையால இடிக்காதீங்க, எடுக்கறேன்.

ஹலோ. ஆமா சார், குருநாதன்தான். இல்ல சார், பஸ்ல இருக்கேன். ஊருக்கு சார். மச்சான் கடைக்கு. ஆமா சார், மெயில் வந்துச்சு சார், தேங்க்ஸ் சார். என்ன சார்? எந்தப் பக்கம்? அன்னைக்கு மார்க் போட்டதா? சொல்லுங்க சார்.

இல்ல சார். நல்லாப் படிச்சுது சார். பட்டனெல்லாம் சொல்லுச்சு சார். யாரு சார் சொன்னது? இல்ல சார், அந்தப் பையன் தெரியாமச் சொல்றார். ஒரு சிரமமும் இல்ல சார். ஆமா சார், நான் நெனச்ச மார்க்தான் போட்டேன். ஆமா சார். ஆமா. சரி சார். இல்ல சார், வேற ஒண்ணும் இல்ல. வெக்கறேன் சார்.

வெச்சிட்டார்.

என்ன சொன்னாரா? அவங்க கம்ப்யூட்டர் ஆளு ஒருத்தன் நேத்து சாயங்காலம் அந்தப் பக்கத்தைப் பாத்துட்டு, சார், இதுல ஒரு பட்டனுக்கும் பேர் இல்ல, கண்ணு தெரியாதவங்க இதை உபயோகிக்கவே முடியாதுன்னு சொன்னானாம். இவரே கூப்பிட்டுக் காட்டினாராம். அது நெசமான்னு என்கிட்ட கேக்கறார். நெசம்னா அந்த மார்க்கைக் கணக்குல எடுக்க முடியாது, மெயிலை வாபஸ் வாங்கிட்டு என்னை மறுபடி உக்கார வெக்கணும்னு நிரஞ்சனாகிட்ட சொல்லணும்கறார். அதே கரகர குரல். நெசமா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கங்கறார். நான் சொன்னதைத்தான் நீங்களே கேட்டீங்களே. ஆபீஸ் மூடற வரைக்கும் இருப்பேன், வேற எதாவது சொல்லணும்னு தோணினா கூப்பிடுங்கன்னு வெச்சிட்டார். பாத்தீங்களா? மறுபடியும் மடக்கப் பாக்கறார்.

என்ன கேக்கறீங்க? ஏன் பொய் சொன்னேன்னா?

ஏன் அண்ணாச்சி சத்தம் போடறீங்க, எல்லாரும் திரும்பிப் பாக்கப் போறாங்க. பொய்யெல்லாம் இல்ல. நாக்கு அப்படிப் பழகிப் போச்சு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒரு சிரமமும் இல்லைன்னுதான் வரும்.

உள்ளதைச் சொல்லாம இல்ல. ஒருதடவை சொல்லியிருக்கேன். படிப்பு முடிச்சு மொதமொதல்ல போன இன்டர்வியூ. மவுண்ட் ரோட்டுல ஒரு பெரிய ஆபீஸ். பேசினவர் வயசானவர். அப்படி ஒரு குரல், கோயில்ல கதை சொல்றவங்களுக்கு இருக்குமே, அந்த மாதிரி. "தம்பி, கூச்சப்படாம சொல்லுங்க, உங்களுக்கு என்னென்ன சிரமம் இருக்கும்? தெரிஞ்சாத்தானே நாங்க ஏற்பாடு பண்ண முடியும்"னார். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. என்னை இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல. கைப்பட எழுதின பேப்பர் குடுத்தா படிக்க முடியாது சார், கம்ப்யூட்டர்ல குடுத்தா படிச்சிடுவேன் சார். புது இடம் பழக ரெண்டு நாள் ஆகும் சார். படமா இருந்தா யாராவது சொல்லணும் சார். எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவரும் ம், ம்னு கேட்டுக்கிட்டார். வெளிய உக்காருங்க தம்பின்னார். உக்காந்தேன். கதவு சரியா சாத்தல. உள்ள யார்கிட்டயோ போன்ல பேசறார், அதே குரல்ல, அதே பதவிசா: "இல்லைங்க, நாம ஒண்ணும் வேணாம்னு சொல்லல. பையனே ஒத்துக்கிட்டான். பேப்பர் படிக்க முடியாது, இடம் தெரியாது, படம் புரியாது, எல்லாம் அவன் வாயாலேயே சொல்லிட்டான்."

என் வாயாலேயே. அன்னைக்கு நான் படியில எறங்கறப்ப கம்பைக்கூட சரியாத் தட்டல. எப்படி வீடு போய்ச் சேந்தேன்னு தெரியாது.

அதுக்கப்புறம் சொல்றதில்ல. இந்துமதிகிட்டகூட சொல்றதில்ல. ஆபீஸ்ல நாலு மாசம் ஷகிலாதான் எனக்குப் பதிலா மார்க் போட்டுச்சுன்னு அவளுக்கு இன்னும் தெரியாது. புது சிஸ்டம் எப்படின்னு கேப்பா. சூப்பர்னு சொல்லுவேன்.

நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க என் இடத்துல இருந்தா சொல்லியிருப்பீங்களா? நாளைக்கு இதே ஆள், அவனே ஒத்துக்கிட்டான்னு சொல்ல மாட்டார்னு உங்களால சொல்ல முடியுமா? குரலைக் கேட்டா அப்படியா இருக்கு?

சரி, விடுங்க. உங்க மேல கோவமில்ல.

கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க. போதும், போதும். ரொம்ப அலுப்பா இருக்கு அண்ணாச்சி. அலைஞ்சதால இல்ல, அலைச்சல் எனக்குப் பழக்கம். உள்ள போறப்பல்லாம் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு மூஞ்சியை வெச்சுக்கணும் பாருங்க, அந்த அலுப்பு. மச்சான் கடையில அது வேண்டியதில்ல. நேத்து போன்லயே சொல்லிட்டார், தங்கமான குரல் அவருக்கு: "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் மாப்ள. ஃபேனுக்குக் கீழ சேர் போட்டு வெச்சிருக்கேன். சும்மா உக்காந்திருங்க, வர்ற போனை பையங்ககூட எடுத்துக்குவாங்க." மொதல்ல போன் எடுங்கன்னுதான் சொன்னார். இப்ப அதுவும் வேணாமாம். அங்க உன்னால எது முடியும், எது முடியாதுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நான் சாகற வரைக்கும் கேக்க மாட்டாங்க.

அந்த ஆபீஸெல்லாம் சாயங்காலம் எத்தனை மணிக்கு மூடுவாங்க அண்ணாச்சி?